சாவாளை மினுக்கம்

சொர்ணம்மாளின் பத்து நகங்களும் கறுத்துக் கிடந்தன. மை ஒட்டிய கறுப்பல்ல, அண்டிப் பால் கறுப்பு. அண்டியை, அதாவது முந்திரிக்கொட்டையை, உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் தோலில் பட்டால் பொத்துவிடும். நகத்தில் ஏறினால் நகம் வளர்ந்து, வெட்டிப் போட்டால்தான் போகும். சாம்பலைப் போட்டுத் தேய்த்தாள். எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தேய்த்தாள். செங்கல் பொடியைப் போட்டுத் தேய்த்ததில் விரல் சிவந்தது. நகம் அப்படியே இருந்தது.

"போதும்ட்டி. இனித் தேய்ச்சா எலும்புதான் வரும்" என்றாள் அம்மை பகவதியம்மாள். அவள் நகமும் அதே கறுப்புத்தான். ஆனால் அவளை யாரும் பெண் பார்க்க வரப்போவதில்லை.

வடசேரி நாராயணபெருமாள் பிள்ளை வீட்டுப் பெண்கள் அண்டி உடைக்கிறார்கள் என்பது பெரிய ரகசியம். ஊரில் எல்லாருக்கும் தெரியும், பிள்ளைக்கு மட்டும் தெரியாது. வியாபாரியின் வண்டி பின்வாசலில் சாக்கை இறக்கும்போது அவர் முன்வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். உடைத்த பருப்பை ஏற்றிக்கொண்டு போகும்போதும் அதே பேப்பர்தான். தேதி பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. எந்தக் காலத்திலோ ஆறு மாதம் ஆக்டிங் பார்வத்தியக்காரராக, கிராமத்து வரி அதிகாரியாக, இருந்தவர். உத்தியோகம் போய்விட்டது, கோட்டு மட்டும் நிரந்தரமாகிவிட்டது. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் வெளியில் சொல்லுகிற வாக்கியங்கள் இரண்டு. ஒன்று, "நம்ம வீட்டுப் பொம்பளையளுக்குக் கை நனைச்சுப் பழக்கமில்ல." மற்றது, "நம்ம படி தாண்டி மீன்வாடை ஏறினதில்ல."

முதல் வாக்கியம் பழையது. இரண்டாவது புதிது, திருவனந்தபுரத்துச் சம்பந்தத்துக்காகச் செய்தது. அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மீன்தலையை உறிஞ்சி எடுப்பதில் அவரை வெல்ல ஆள் தோவாளை முதல் கல்குளம் வரை இல்லை.

திருவனந்தபுரத்து ஆறுமுகப்பெருமாள் பிள்ளையும் நாஞ்சில்நாட்டுக்காரர்தான். சிவதீட்சை வாங்கி முழுச் சைவமாகிவிட்டார். அவர் ஒருத்தர் ஆனால் போதாதென்று வீடு முழுக்க ஆக்கினார். வீட்டு நாய்க்கும் தயிர்ச்சோறுதான் என்று கேள்வி. அவருடைய மகன் ஹஜூர் கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. அந்தப் பையன் தரகரிடம் சொல்லியனுப்பிய ஒரு வார்த்தையைத்தான் சொர்ணம் இரண்டு மாதமாக மனசில் வைத்துப் பொத்திக்கொண்டிருந்தாள்: "படிச்ச பெண்ணா இருக்கட்டும். கல்யாணத்துக்குப் பிறகு காலேஜுக்குப் போனாலும் எனக்குச் சம்மதம்."

பள்ளிக்கூடப் படிப்பு முடிந்துவிட்டது. அவளோடு படித்த குளோரி, ஜூன் மாதம் திருவனந்தபுரத்துக் காலேஜில் சேரப்போகிறாள். சொர்ணத்தைச் சேர்க்க வேண்டுமென்றால் திருவனந்தபுரத்தில் ஒரு புருஷன் வேண்டும். இந்தச் சம்பந்தம் நழுவினால் அடுத்தது தயாராக இருந்தது: தோவாளையில் ஒரு மூன்றாந்தாரம். இருபது ஏக்கர் வயல், இரண்டு பெண்சாதிகளைச் சுடுகாட்டுக்கு அனுப்பிய அனுபவம். பெண்ணுக்கு நெல்லளக்கத் தெரிந்தால் போதும் என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார்.

திருவனந்தபுரத்துக்காரர்கள் மாசக்கடைசியில் பெண் பார்க்க வருவதாகத்தான் பேச்சு. அதற்குள் நகத்தை ஓரளவு வளர்த்து வெட்டிவிடலாம். ஆனால் அன்று காலையில் நாராயணபெருமாள் பிள்ளை கோட்டைக் கழற்றாமலே அடுக்களை வரைக்கும் வந்துவிட்டார். அது நல்லதுக்கில்லை.

"அவாள் நாளை மறுநாள் வாறாங்களாம். சுசீந்திரத்துல தொழுதுட்டு அப்படியே இங்க. அவாளும் வீட்டம்மாளும்."

பகவதியம்மாள் மகளின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். பிள்ளை அதைப் பார்க்காமல் உத்தரத்தைப் பார்த்தார்.

"கையை மூடிக்கிட்டு இருக்கட்டும்."

"காப்பித் தம்ளரை என்னத்தக் கொண்டு பிடிப்பா? மூக்கக் கொண்டா?"

"என்னமும் செய்யுங்க. அண்டி அது இதுன்னு ஒரு வாக்கு வெளியே வந்துதோ, இந்தக் குடும்பத்துக்கு இருக்க பேரு…" அந்தப் பேர் என்னவென்று அவர் சொல்லவில்லை. முன்வாசலுக்குப் போய்ப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே குளோரி வந்தாள். அவளுடைய மாமா மீனாட்சிபுரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். படத்துக்குச் சட்டம் போடுகிற வேலையும் அங்கேயே. சொர்ணத்தின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். 

"ஏட்டி, கொழும்புல என் அக்காக்காரி நர்ஸா இருக்காள்லா. அவ நகத்துல பாலிஷ் போடுவா. குப்பியில வரும். பூசினா கண்ணாடி மாதிரி. அடியில என்ன கிடக்குன்னு ஒருத்தனும் காணமாட்டான்."

"கொழும்புக்கு இப்பக் கப்பல் ஏறவா?"

"நாமே செய்வோம். அது என்னன்னு நெனச்ச? சினிமா பிலிமு இருக்குல்லா, அந்தச் சாதனந்தான். மாமா கடையில பொன்தூளைக் குழைச்சுச் சட்டத்துக்குப் பூசுகதுக்கு ஒரு எண்ணெ வச்சிருக்கு. மட்டி வாழைப்பழம் மாதிரி மணக்கும். அதுல பழைய பிலிமைப் போட்டா கரைஞ்சு கஞ்சியா வந்துரும். நான் பாத்திருக்கேன்."

"பூசியிருக்கியா?"

"சட்டத்துக்குப் பூசியிருக்கேன். நகமும் ஒரு சட்டந்தான்."

குளோரியின் தைரியம் எப்போதும் இந்த மாதிரிதான். ஆனால் வேறு தைரியம் கைவசம் இல்லை.

வீட்டின் பின்புறம் நெல் குத்துகிற உரப்புரையில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வெந்நீரில் சோடாக்காரத்தைக் கரைத்துப் மாமா கடையிலிருந்து குளோரி எடுத்துவந்த பழைய நெகட்டிவ் பிலிம்களை ஊறப்போட்டார்கள். யாரோ ஒரு மாப்பிள்ளை, யாரோ ஒரு தாசில்தார், ஏதோ ஒரு ஞானஸ்நானக் குழந்தை எல்லாரும் தோலுரிந்து தண்ணீரில் கருப்பாக மிதந்தார்கள். மிச்சம் வெறும் கண்ணாடித் தாள். அதைத் துடைத்து, கத்திரியால் பொடியாக நறுக்கி, குப்பியில் போட்டு, எண்ணெயை ஊற்றிக் கார்க்கை இறுக்கினார்கள்.

"அடுப்புப் பக்கம் கொண்டு போயிராத" என்றாள் குளோரி. "தீ பிடிச்சா நீயும் இல்ல, வீடும் இல்ல, உங்கப்பா கோட்டும் இல்ல."

மறுநாள் காலையில் குப்பிக்குள் வடிகஞ்சி மாதிரி ஒன்று கெட்டியாக நின்றது. ஸ்டுடியோவில் படத்தைத் திருத்துகிற மெல்லிய பிரஷால் குளோரி அதைச் சுண்டுவிரலில் பூசினாள். காய்ந்தது. பளபளத்தது. அடியில் இருந்த கறுப்பு முன்னிலும் நன்றாக, கண்ணாடி போட்ட படம் மாதிரி தெரிந்தது.

"பொன்தூளைக் கலப்போம்" என்றாள் குளோரி.

ஒரு சிரட்டையில் கொஞ்சம் எடுத்துக் கலந்தார்கள். நகம் நாடகத்து ராஜபார்ட்டின் கிரீடம் போலாயிற்று. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சாயங்காலத்துக்குள் அண்டிப் பாலும் பொன்தூளும் தங்களுக்குள் ஏதோ பேசி முடித்து, பாசி பிடித்த குளம் மாதிரி பச்சையானது. பகவதியம்மாள் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

"கறுப்பாவது இருந்துது. இப்பம் அழுகிப் போச்சுன்னு நெனைப்பாங்க."

சொர்ணம் ஸ்டுடியோ எண்ணெயில் துணியை நனைத்துப் பச்சையைத் துடைத்தாள்.  இரவெல்லாம் கனவில் மரக்காலால் நெல்லளந்தாள். ஒன்றுக்குப் பதில் லாபம் என்று தொடங்கி, 'லாபம், ரெண்டு, மூணு' என எண்ணுகிற குரல் அவளுடையது மாதிரியே இருந்தது.

விடிந்ததும் குளோரி வந்துவிட்டாள். வருகிறவர்கள் சாயங்காலம் வருவார்கள். பொழுது கொஞ்சம் ஏறியதும் பின்வாசலில் குரல் கேட்டது.

"அம்மா, சாவாளை கிடக்கு. வேணுமா?"

கடியப்பட்டணத்து வேளாங்கண்ணி. மீன்கடவத்தைத் தலையில் வைத்து ஓட்டமும் நடையுமாக வருகிறவள். எந்தெந்த வீட்டில் முன்வாசலில் சைவம், பின்வாசலில் மீன் என்பது அவளுக்குத் தெரியும். பகவதியம்மாள் பாய்ந்து வந்தாள்.

"ஏட்டி, சத்தம் போடாத! இண்ணைக்கு நாங்க சைவம்."

"எத்தன மணி வரைக்கும்மா?"

பகவதியம்மாள் முன்வாசலை எட்டிப் பார்த்தாள். சொர்ணம் கடவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவாளைக்குச் செதில் கிடையாது. வாள் மாதிரி நீளமாக, உடம்பு முழுக்க வெள்ளிப் பூச்சு. தொட்டால் கையில் ஒட்டிக்கொள்ளும். வேளாங்கண்ணியின் விரல்களில், நகங்களில், கழுத்தில் தொங்கிய மாதா சுருபத்தில் எல்லாம் அந்த வெள்ளி ஒட்டி, வெயிலில் நிலாத்துண்டு மாதிரி மினுங்கியது. அவளுடைய நகமும் அண்டி உடைக்கிற நகம்தான். ஆனால் கறுப்பு தெரியவில்லை.

"அம்மா, வாங்கு" என்றாள் சொர்ணம்.

"உனக்கு புத்தி பேதலிச்சு போச்சா?"

"குளோரி, அவ நகத்தப் பாரு."

குளோரி பார்த்தாள். பிறகு வேளாங்கண்ணியின் கையைப் பிடித்து இழுத்து மூக்கோடு வைத்துப் பார்த்தாள். வேளாங்கண்ணி சிரித்தாள்.

"என்ன பிள்ளே, கல்யாணத்துக்குக் கைபிடிக்கியா?"

மூன்று மீன் உரப்புரைக்குள் போயிற்று. கத்தியின் மழுங்கிய முனையால் சுரண்டினார்கள். வெள்ளி கூழாக வந்தது. தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு, மேல் தண்ணீரை வடித்து, மறுபடியும் கலக்கி, மறுபடியும் வடித்தார்கள். அடியில் ஒரு சிரட்டை அளவு தங்கியது. பாதரசம் மாதிரி அசைந்தது. எல்லாம் சரி. வாடை மட்டும் அப்படியே.

"ஸ்பிரிட்டுல கழுவினா போவும்" என்றாள் குளோரி. "மாமா கடையில போய் எடுத்துட்டு வரணும்."

"போயிட்டு வரதுக்குள்ள அவங்க வந்துருவாங்க."

இங்கேதான் பகவதியம்மாள் நுழைந்தாள். மீன்வாடையைப் பற்றி உலகத்தில் யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சட்டியில் கழுவுகிற மீனுக்கு என்ன செய்வாளோ அதையே செய்தாள். கல்லுப்பு போட்டாள். குடம்புளியைக் கரைத்து விட்டாள். கொஞ்சம் மஞ்சளும் போட்டாள். மூன்று தடவை அலசினாள். மோந்து பார்த்தாள்.

"இப்பம் போச்சு" என்றாள்.

உண்மையில் பச்சை மீன்வாடைதான் போயிருந்தது. மூக்கை மஞ்சள் தூளுக்கும் மிளகாய்க்கும் பழக்கி வைத்திருக்கிற வீட்டில், மிச்சம் என்ன மணக்கிறது என்று யாருக்கும் உறைக்கவில்லை. வெள்ளிக் கூழைத் துணியில் பிழிந்து குப்பிக்குள் போட்டுக் குலுக்கினார்கள். மட்டிப்பழ வாசனை எல்லாவற்றையும் மூடிவிட்டது.

ஒரு பூச்சு. காயவிட்டு இரண்டாம் பூச்சு. பத்து நகங்களும் முத்து மாதிரி எழுந்தன. கறுப்பு அதற்கடியில் எங்கோ போயிற்று. பகவதியம்மாள் மகளின் கையைத் தூக்கிச் சூரியனுக்குக் காட்டினாள். கண்ணீர் வந்துவிட்டது.

அப்போது முன்வாசலில் கார் ஹாரன் கேட்டது. சாயங்காலம் என்று சொன்னவர்கள் மத்தியானச் சோறு செரிக்கும் முன்பே வந்து நின்றார்கள்.

மீனை மஞ்சளும் உப்பும் தடவிச் சட்டியில் போட்டு, மேலே மூடியும் அதற்குமேல் அம்மிக்குழவியும் வைத்துவிட்டு, குளோரியையும் உரப்புரையிலேயே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். பூனையைத்தான் சாத்த மறந்துபோனார்கள்.

கூடத்தில் ஆறுமுகப்பெருமாள் பிள்ளை உட்கார்ந்திருந்தார். நெற்றியில், கழுத்தில், கையில், எங்கெல்லாம் இடம் கிடைத்ததோ அங்கெல்லாம் திருநீறு. பக்கத்தில் அவர் சம்சாரம் உலகம்மாள், வெற்றிலைச் செல்லத்தை மடியில் வைத்துக்கொண்டு, வாய் திறக்காமல். எதிரே நாராயணபெருமாள் பிள்ளை, கோட்டும் தலைப்பாகையுமாக, புழுக்கத்தில் வெந்துகொண்டு.

சொர்ணம் காப்பித் தட்டோடு வந்தாள். தட்டு விளிம்பில் பத்து நகங்கள்.

ஆறுமுகப்பெருமாள் பிள்ளை மூக்கை உறிஞ்சினார்.

"சிவசிவா. என்ன மணம்! மட்டிப்பழம்லா. வீட்டுல குலை பழுத்திருக்கு போல. ரெண்டு பழம் கொண்டாரச் சொல்லுங்க. காப்பி நமக்கு ஆவாது."

வீட்டில் மட்டிப்பழம் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. நாராயணபெருமாள் பிள்ளை சொர்ணத்தைப் பார்த்தார். சொர்ணம் அம்மையைப் பார்த்தாள். பகவதியம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து மறைந்தாள். அடுத்த வீட்டு மதிலுக்குமேல் அவள் தலை தெரிந்து மறைந்ததைச் சொர்ணம் மட்டும் ஜன்னல் வழியே பார்த்தாள்.

"கையில என்ன அது மினுங்குகு?" என்றார் ஆறுமுகப்பெருமாள் பிள்ளை.

அது என்ன சாமான் என்று தகப்பனாருக்கும் தெரியாது. தெரியாதது அவருக்கு என்றும் தடையாக இருந்ததில்லை.

"அது முத்துப் பஸ்பம்" என்றார் நாராயணபெருமாள் பிள்ளை. "நம்ம குடும்பத்துல பரம்பரையா உண்டு. தூத்துக்குடி முத்தைப் பொடிச்சு, மூலிகைச்சாறு விட்டு, புடம் போட்டு… பெண்பிள்ளையளுக்கு மட்டும் பூசுவது. என் தாயாரு கையில பாத்தா ராத்திரி விளக்கு வேண்டாம்."

ஆறுமுகப்பெருமாள் பிள்ளை தலையை ஆட்டினார். அப்புறம் ஆட்டுவதை நிறுத்தினார்.

"முத்து சிப்பிக்குள்ளல்லா வருது. சிப்பி ஒரு ஜீவனில்லையா வேய்?"

நாராயணபெருமாள் பிள்ளையின் தலைப்பாகைக்கு அடியிலிருந்து ஒரு துளி வியர்வை புறப்பட்டு மூக்கு வரைக்கும் வந்தது.

"அது… சிப்பி தானா மனசுவந்து கக்கினது. கொன்னு எடுக்கது கிடையாது."

"அப்படின்னா தோஷமில்ல" என்றார் ஆறுமுகப்பெருமாள் பிள்ளை, ரொம்ப யோசித்து.

சொர்ணத்துக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சில் ஒரு விஷயம் தெரிந்தது. மட்டிப்பழ மணம் குறைந்துகொண்டிருந்தது. எண்ணெய் காய்கிறது. காயக் காய, அதற்கடியில் இருந்த வேறொரு மணம் பைய எழுந்து உட்கார்ந்தது. பச்சை மீனாக இருந்தால்கூட யாரோ தெருவில் கொண்டுபோகிறாள் என்று சொல்லிவிடலாம். இது குடம்புளி விட்டு, மஞ்சள் போட்டு, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய மணம். பத்து நகத்திலும் பத்துச் சட்டி மீன்குழம்பு.

பூனை வந்தது. நேராக நடந்து கூடத்தைக் கடந்து, சொர்ணத்தின் காலடியில் உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்தது. பிறகு இரண்டு காலில் எழுந்து நின்று, முன்கால்களை அவள் பாவாடையில் ஊன்றி, அவள் விரலைப் பார்த்து உருக்கமாகக் கத்தியது.

"சூ!" என்றார் நாராயணபெருமாள் பிள்ளை. "பால் மணம் பிடிச்சு வருகு, சவம்."

பூனை அவரைப் பொருட்படுத்தவில்லை. அது அவருடைய பேப்பரையும் கோட்டையும் நிறையப் பார்த்த பூனை.

"பொண்ணே" என்றார் ஆறுமுகப்பெருமாள் பிள்ளை, மடியிலிருந்து திருநீற்றுச் சம்படத்தை எடுத்துக்கொண்டே. "கிட்ட வா. கையை நீட்டு. விபூதி தாறேன்."

அவர் குனிந்து விபூதி கொடுத்தால் அவருடைய மூக்குக்கும் நகத்துக்கும் இடையில் ஒரு சாண் இருக்கும். சொர்ணம் ஓரடி வைத்தாள்.  தோவாளையில் நெல் அளக்கிறார்கள். மரக்கால் விளிம்பைக் கையால் வழிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

"நில்லுங்க" என்றது ஒரு குரல்.

வந்ததிலிருந்து உலகம்மாள் பேசிய முதல் வார்த்தை அது. அவள் மூக்கு லேசாக மேலே தூக்கியிருந்தது, காற்றில் எதையோ படிப்பது மாதிரி.

"முதல்ல நான் பாக்கணும். மக்கா, இங்க வா. கையைத் தா."

உலகம்மாள் சொர்ணத்தின் வலதுகையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, கண் தெரியாதவள் மாதிரி முகத்தோடு சேர்த்துக் குனிந்தாள். மூச்சை இழுத்தாள். நெஞ்சு உயர்ந்தது, அப்படியே நின்றது. கண் மூடிக்கொண்டது. சொர்ணம் அந்த முகத்தைப் பார்த்தாள். கோபம் எந்த இடத்தில் தொடங்கும் என்று தேடினாள்.

உலகம்மாளின் கட்டைவிரல் சொர்ணத்தின் கட்டைவிரல் நகத்தை வருடியது. அண்டி எண்ணெய் ஊறிய நகத்தில் பாலிஷ் எங்கே பிடிக்கும்? ஓரம் தூக்கிக்கொண்டது. பூண்டுத் தோல் மாதிரி முழுசாக உரிந்து, மினுங்கிக்கொண்டு, உலகம்மாளின் விரலில் ஒட்டியது. அடியில் கறுப்பு.

சொர்ணம் கையை இழுக்கப் பார்த்தாள்.

"அண்டியா?" என்றாள் உலகம்மாள். உதடு மட்டும்தான் அசைந்தது.

சொர்ணம் தலையை அசைத்தாள். பொய் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

"மேல பூசினது சாவாளை."

அது கேள்வி அல்ல. சொர்ணம் மறுபடியும் தலையை அசைத்தாள்.

"குடம்புளி எதுக்குட்டி போட்ட?"

"வாடை போவதுக்கு."

"புளி விட்டா வாடை போவுமா? புளி விட்டாக் கொழம்புல்லா ஆயிரும்." உலகம்மாள் இன்னொரு தடவை மோந்தாள். "எனக்கு ஊரு மணவாளக்குறிச்சி. முற்றத்துல நின்னா கடலு. தீட்சை அவ்வோ வாங்கினாவ, வாய் எனக்குக் கட்டிப்போட்டாச்சு. எத்தன வருஷம்னு எனக்கே தெரியாது மக்கா."

"அங்க என்ன குசுகுசுன்னு?" என்றார் ஆறுமுகப்பெருமாள் பிள்ளை.

"கை பாக்கேன்."

"ரேகை உள்ளங்கையிலல்லா இருக்கு? நீ நகத்த மோந்துக்கிட்டு இருக்க."

"நகத்தப் பாத்துத்தான் ஆயுசு சொல்லணும். உங்களுக்கு மந்திரம் தெரியும், இது தெரியுமா? பேசாம இருங்க." சொர்ணத்தின் பக்கம் திரும்பினாள். குரல் மறுபடியும் இறங்கியது. "திருவனந்தபுரத்துல உனக்குக் கூட்டுக்காரி யாராம் உண்டா?"

"குளோரி. காலேஜுக்கு வாறா. பாளையத்துல அவ சித்தி வீட்டுல இருப்பா."

"வேதக்காரியா?"

"ஆமா, கிறிஸ்தவப் பிள்ளைதான்."

"சந்தை பக்கத்துல உண்டோ?"

"நடக்கிற தூரந்தான்னு சொன்னா."

"சித்தி மீன் வைப்பாளா?"

"தினமும் உண்டாம்."

உலகம்மாள் கண்ணை இன்னொரு தடவை மூடித் திறந்தாள். பெரிய காரியங்களைத் தீர்மானிக்கிறவர்களுக்கு அந்த மாதிரி ஒரு நேரம் வேண்டியிருக்கிறது. பிறகு சொர்ணத்தின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கறுத்த கட்டைவிரலை உள்ளே வைத்து மூடி, அந்த முஷ்டியைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டு, கூடத்துக்கு முழுசாகக் கேட்கிற மாதிரி பேசினாள்.

"பொண்ணு எனக்குப் பிடிச்சிருக்கு. இந்த வீட்டுல சுத்தம் ரொம்ப. இவ காலேஜுக்குப் போகட்டும்."

"அதை நாம வீட்டுக்குப் போய் யோசிச்சு…" என்று ஆரம்பித்தார் ஆறுமுகப்பெருமாள் பிள்ளை.

"யோசிக்க என்ன கிடக்கு? ஆனா ஒத்தையில விடமாட்டேன். வாரத்துல ரெண்டு நாள் கூட்டுக்காரி வீட்டுல போய்ப் பாடம் படிக்கணுமாம். துணைக்கு நான் போவேன்."

"நீயா? அங்க உனக்கென்ன சோலி?"

"நானும் ரெண்டு அட்சரம் படிக்கப்பிடாதா? சாவுகதுக்குள்ள."

பெண்சாதி படிக்க ஆசைப்படுகிறாள் என்று கேட்டதும் ஆறுமுகப்பெருமாள் பிள்ளைக்கு ஒரு பூரிப்பு. தன்னுடைய நிழலில் இருந்ததால் வந்த ஞானம் என்று எடுத்துக்கொண்டார். விபூதியைத் தூரத்திலிருந்தே, உலகம்மாளின் கை வழியாக, சொர்ணத்தின் நெற்றியில் பூசச் சொன்னார். பகவதியம்மாள் எங்கிருந்தோ ஆறு மட்டிப்பழத்தோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். அவர் ஒன்றை உரித்துத் தின்றுவிட்டு, "மணம் இருந்த அளவுக்கு ருசி இல்ல" என்றார்.

எழுந்திருக்கும்போது உலகம்மாள் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தாள். விரலில் ஒட்டியிருந்த வெள்ளித்தோலை ஒரு தளிர் வெற்றிலையில் வைத்து மடித்து, பாக்குக்கு அடியில் பத்திரமாக வைத்து மூடினாள். கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் சொர்ணம் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்சீட்டில் அந்தச் செல்லம் மூக்குக்கு நேராக உயர்ந்தது தெரிந்தது.

கூடத்துக்கு வந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உரப்புரையிலிருந்து ஓடிவந்த குளோரி, "என்னட்டி ஆச்சு? சொல்லித் தொலை" என்று உலுக்கினாள். சொர்ணம் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. பூனை மடியில் ஏறி, மிச்சமிருந்த நகங்களில் நாலைந்தின் பூச்சை நிதானமாக உரித்துத் தின்றது. அவள் தடுக்கவில்லை.

"பாத்தியா?" என்றார் நாராயணபெருமாள் பிள்ளை, நடுக்கூடத்தில் நின்று, தலைப்பாகையைக் கழற்றி விசிறிக்கொண்டு. "அந்தம்மா வாயால வந்த வாக்கு. இந்த வீட்டுல சுத்தம் ரொம்பன்னு. ஒரு குடும்பத்தோட பெருமைங்கது சும்மா வருகதில்ல. நான் முத்துப் பஸ்பம்னு சொன்னேம் பாரு, அதுலதான் அவங்க அசந்துட்டாங்க."

பகவதியம்மாள் உள்ளே போனாள். அவளுக்கு அடுக்களையில் வேலை கிடந்தது.

அந்தியில் முன்வாசலையும் ஜன்னலையும் சாத்தினார்கள். இலை போட்டார்கள். பிள்ளை கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். குடம்புளி விட்ட சாவாளைக் குழம்பு. முதல் துண்டை எடுத்து, திருப்பிப் பார்த்து, விளக்குக்கு நேரே பிடித்து மறுபடியும் திருப்பிப் பார்த்தார். மீன் சொரசொரவென்று மங்கிப்போய், துவைத்த துணி மாதிரி இருந்தது.

"வேளாங்கண்ணி உன்னை ஏமாத்திட்டா கேட்டியா" என்றார். "சாவாளைன்னா கண்ணாடி மாதிரி மினுங்கணும். இதுல மினுக்கமே இல்ல. முந்தாநாளு மீனு. நாளைக்கு வரட்டும், நான் பேசுகேன் அவகிட்ட. நம்ம வீட்டுல மீனைப் பத்தித் தெரியாதுன்னு நெனச்சிருக்கா."

சொர்ணம் கறுத்த கட்டைவிரலால் சோற்றைப் பிசைந்தாள். தகப்பனார் அடுத்த துண்டுக்குக் கையை நீட்டினார்.